வேலிக்கு அந்தப் பக்கம் முளைத்தவை

மழை விட்ட மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால் மண்ணே தெரியவில்லை. வேலியோரம் முழுக்க விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று கன்றுகள், யாரோ ஒரு சாக்கு விதையைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. எல்லாமே சூபாபுல். சவுண்டல் என்றும் சொல்வார்கள், பெயர் எதுவானாலும் ஆள் ஒன்றுதான். ஒரு முறத்தைக் கவிழ்த்து வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அந்த இடத்தில் மட்டும் உட்கார்ந்து எண்ணினேன், 43 இருந்தது. வேலி நீளத்துக்கும் கணக்குப் போட மனசு வரவில்லை, பிடுங்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு இலை விட்ட பருவத்தில் அது ரொம்பச் சாது. அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து ஈரமண்ணிலிருந்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். மேலே இருக்கிற செடியைவிடக் கீழே இருக்கிற வெள்ளை வேர்தான் நீளம். பத்து நாள் கழித்துப் போனால் அதே கன்று மண்ணை இறுகப் பற்றியிருக்கும். இரண்டு மாதம் விட்டால் தண்டு மட்டும் கையோடு முறிந்து வரும், வேர் உள்ளேயே நின்றுவிடும், முறிந்த இடத்துக்குக் கீழிருந்து ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும். தாய்மரம் அங்கேயேதான் நிற்கிறது. தட்டையான காய்கள் பழுப்பேறிக் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன, காற்றடித்தால் சலசலவென்று சத்தம். ஒரு காயை உடைத்துப் பார்த்தால் வரிசையாக அடுக்கிய விதைகள், மெருகு போட்ட மாதிரி பளபளப்பு, நகத்தால் கீறினால் கோடுகூட விழாது.

அந்த மரத்தை நட்டது நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மூலையில் எதை வைத்தாலும் கருகிப்போகும், அவ்வளவு இறுகிய மண். சித்தப்பா ஒரு கைப்பிடி விதை கொடுத்து, "இதைப் போடு, பாறையிலும் வரும்" என்றார். வந்தது. முதல் வருஷமே என் தலைக்கு மேலே போய்விட்டது, வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு உருண்டை மாதிரி பூத்தது, அக்கம்பக்கத்து ஆடுகளுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, மதியத்துக்கு நிழல். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த மரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். இப்போது அதன் பிள்ளைகளை மூட்டை மூட்டையாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் இது மரமா, களையா? குனிந்து பிடுங்குகிற வேலையில் கை ஒரு பக்கம் போகும், யோசனை ஒரு பக்கம் போகும். இந்தக் கேள்வி அப்படித்தான் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தைக் களைகிறோம், பிழையைக் களைகிறோம், ஆடை களைகிறோம். களைவது என்றால் நீக்குவது. வயலில் நிற்கிற வேண்டாத செடிக்கும் அதே சொல்தான், களை. இலை எப்படி இருக்கும், பூ என்ன நிறம், எந்த ஊரில் பிறந்தது, இதில் ஒன்றையுமே அந்தச் சொல் சொல்வதில்லை. இது நீக்க வேண்டியது, அவ்வளவுதான் அது சொல்கிற சேதி. செய்ய வேண்டிய வேலையின் பெயரையே செடிக்கும் வைத்துவிட்டார்கள். யோசிக்க யோசிக்க இது எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. களை என்று ஒரு செடிக்குடும்பம் தாவரவியலில் கிடையாது. நெல் வயலில் முளைத்த ஒற்றை உளுந்துச் செடி அன்றைக்குக் களை, உளுந்து வயலில் முளைத்த நெல்லும் களை.

இந்த உறவு எவ்வளவு தூரம் நெகிழும் என்பதற்கு ஓட்ஸையும் ரை என்கிற தானியத்தையும் பார்க்கலாம். இரண்டும் ஒரு காலத்தில் கோதுமை, பார்லி வயல்களில் அழையாமல் வந்து நின்ற களைகள். விவசாயம் வடக்கே குளிர்ப் பிரதேசங்களுக்கு நகர நகர, கோதுமை திணறிய மண்ணில் ரை தாக்குப்பிடித்தது, கடைசியில் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களே அதை விதைக்க ஆரம்பித்தார்கள். களையாக வந்து பயிராக ஆன இந்தக் கதையை எடுத்துச் சொன்னவர் ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவ். பிடுங்குகிற கைகளே ஒரு செடியை எப்படி வளைக்கும் என்பதும் அவர் வழியாகத்தான் பேச்சுக்கு வந்தது. நெல் வயலில் வருகிற புல் வகை ஒன்று இருக்கிறது, நெற்சக்களத்தி என்று சில இடங்களில் சொல்வார்கள், பேரைக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும். கையால் களை எடுப்பவர்கள் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள், நெல்லைப் போலவே நிமிர்ந்து நின்றது தப்பித்து விதை போட்டது, அது போட்ட விதையில் இன்னும் கொஞ்சம் நெல்லைப் போல இருந்தது தப்பித்தது. பல நூறு தலைமுறை இப்படிப் போனதில் பூக்கும் வரை நெல்லிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாத ஒரு புல் உருவாகிவிட்டது. யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் அதை வார்த்தவை மனிதக் கைகள்தான்.

சரி, மரத்துக்கு வருவோம். என் கொல்லையில் நான் பிடுங்கிக் குவிக்கிற இந்த சூபாபுலுக்குச் சொந்த மண் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அதற்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் குவாஹே என்று பெயர், அதன் விதையைச் சாப்பிடுகிறார்கள். வஹாகா என்று ஒரு மெக்ஸிகோ மாநிலமே இருக்கிறது, அந்தப் பெயர் பழைய நவாட் மொழியில் இந்த மரங்களைச் சொல்லி வந்தது. ஒரு நிலப்பரப்புக்கே பெயர் கொடுத்த மரம். அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் போனது, அப்புறம் வெப்பமண்டலம் முழுக்கப் போனது. 1970களில் இதை அதிசய மரம் என்று கொண்டாடினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது: வேரில் நைட்ரஜனைச் சேர்க்கும், தழையில் புரதம் அதிகம், வெட்டினால் மறுபடி தழையும், வறட்சி தாங்கும். அதே மரம் இன்றைக்கு ஐயூசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. மேலே அடுக்கிய குணங்களைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள், அதிசயம் என்று சொன்னதற்கும் ஆபத்து என்று சொல்வதற்கும் காரணம் ஒன்றேதான். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இந்த மரம் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். துணை தேவையில்லை, ஒற்றை மரம் போதும்.

இதைவிட என்னை உலுக்கியது ரேடியேட்டா பைன் கதை. கலிஃபோர்னியாக் கடற்கரையில் மூன்றே மூன்று இடம், மெக்ஸிகோவுக்குச் சொந்தமான இரண்டு தீவு, இயற்கையாக அது வாழ்கிற இடம் உலகத்தில் இவ்வளவுதான். அங்கே அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஆனால் மரத்துக்காக நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று லட்சக்கணக்கான ஹெக்டேரில் அதையே நட்டு வைத்திருக்கிறார்கள், அந்தத் தோட்டங்களிலிருந்து விதை காற்றில் பறந்து மலைச்சரிவுகளில் தானாக முளைக்க, அதைப் பிடுங்கவும் ஆள் போடுகிறார்கள். ஒரே மரத்துக்கு ஓரிடத்தில் காவல், இன்னோரிடத்தில் கோடாலி. இரண்டும் சரியான வேலைதான் என்று நான் நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் மெலலூகா மரமும் இப்படித்தான். சொந்த மண்ணில் அது நிற்கிற சதுப்பு நிலங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் என்ற சதுப்பு நிலப்பகுதியில் அது புல்வெளிச் சதுப்பை அடர்காடாக மாற்றியது. அந்தக் காலத்தில் சதுப்பை வற்றவைக்கலாம் என்று விமானத்திலிருந்துகூட விதையைத் தூவியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். அப்படியானால் களை என்பதெல்லாம் மனுஷன் மனசில்தான் இருக்கிறது, மரத்தைக் குற்றம் சொல்லாதே, அது பாட்டுக்கு வளரட்டும் என்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. களை என்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது, சரி. ஆக்கிரமிப்பு அப்படியில்லை. நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த மரம் அந்த நிலத்தில் எதையோ செய்துகொண்டிருக்கிறது, அதைப் போய்ப் பார்க்கலாம், எண்ணலாம், அளக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதையோரத்தில் முளைத்த ஒரு பாவப்பட்ட பூண்டைக் களை என்று கொளுத்துகிறோம், ஒரு காட்டையே விழுங்குகிற மரத்தை அழகாகப் பூக்கிறது என்று நட்டு வளர்க்கிறோம்.

பசிபிக் கடலில் இருக்கிற தாஹித்தித் தீவுக்கு மிக்கோனியா என்ற மரம் வந்தது 1937இல், ஒரு தனியார் தாவரவியல் தோட்டத்துக்கு, அழகுக்காக. அழகு என்றால் உண்மையாகவே அழகுதான். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு இலை, மேலே கரும்பச்சை, திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க ஊதா. பறவைகள் அதன் பழத்தைத் தின்று எச்சத்தில் விதையைப் பரப்பின. இன்றைக்கு அந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அது பரவியிருக்கிறது. அவ்வளவு பெரிய இலை போடுகிற நிழலில் தீவுக்கே உரிய சிறு செடிகள் வெளிச்சம் இல்லாமல் மடிகின்றன. அதன் வேரோ மேலாகத்தான் ஓடும், அதனால் பெருமழையில் சரிவுகள் மண்ணோடு வழுக்கி இறங்குகின்றன. அந்தத் தீவில் மட்டுமே வாழ்கிற செடிகளுக்கு ஒதுங்குவதற்கு வேறு இடம் கிடையாது. இதை என் மனசில் இருக்கிற வெறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

சில மரங்கள் மட்டும் ஏன் இப்படி ஆகின்றன? சொந்த மண்ணில் ஒவ்வொரு மரத்துக்கும் அதைத் தின்ன, துளைக்க, நோய்ப்படுத்த ஒரு கூட்டமே இருக்கிறது. இலைக்கு ஒரு வண்டு, விதைக்கு ஒரு வண்டு, தண்டுக்கு ஒரு பூஞ்சை. விதையை மட்டும் பொட்டலம் கட்டிக் கப்பலில் கொண்டுபோகும்போது இந்தக் கூட்டம் பின்தங்கிவிடுகிறது. போன இடத்தில் அந்த மரத்தைச் சாப்பிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. சூபாபுலுக்கே இதற்கு ஒரு நிரூபணம் உண்டு: 1980களின் நடுவில் அதன் சொந்த ஊர்க் குருத்துப்பேன் ஒன்று பசிபிக் தீவுகள் வழியாக ஆசியாவுக்கு வந்து சேர்ந்தது, தோட்டம் தோட்டமாக நுனி கருகிப்போனது, அதிசய மரம் என்ற பேச்சும் அதோடு அடங்கியது. அடுத்த காரணம் நாம். உழுது விட்ட நிலம், அளவுக்கு மீறி மேய்ந்த நிலம், சாலை போட வெட்டிய கரை, தீ வைத்த காடு, இங்கேதான் இந்த மரங்கள் முதலில் கால் ஊன்றுகின்றன. என் கொல்லை மூலையையே எடுத்துக்கொள்ளுங்கள், எதுவும் முளைக்காத இறுகிய மண் என்றுதான் நானே அதற்கு இடம் கொடுத்தேன்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அந்நிய மரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு செய்கிற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தது என்பது ஒரு குற்றமே இல்லை. மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை, உலகமே அவற்றை வைத்துத்தான் சமைக்கிறது, அவை எந்தக் காட்டையும் பிடித்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வருகிற செடிகளில் மிகச் சிறு பங்குதான் தானாகப் பரவுகிற நிலைக்கே வருகிறது, அதிலும் சிறு பங்குதான் தொல்லையாகிறது. மறுபக்கம், உள்ளூர் மரம் என்பதும் நற்சான்றிதழ் ஆகாது. அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் கிழக்குச் செஞ்சீடார் அந்த நாட்டு மரம்தான். முன்பெல்லாம் அடிக்கடி வந்த புல்வெளித் தீ அதன் கன்றுகளைக் கருக்கிவிடும். தீயை அணைத்து அணைத்து வைத்ததில் இன்றைக்குப் புல்வெளியையே மூடிக்கொண்டு வருகிறது, புல்லை நம்பியிருந்த பறவைகள் இடம் இல்லாமல் போகின்றன. அதனால் எங்கே பிறந்தாய் என்று மரத்தைக் கேட்பதில் அர்த்தமில்லை. நான் தண்ணீர் ஊற்றாத இடத்தில், நான் பார்க்காத நேரத்தில், நீ என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டும். உன்னைச் சுற்றி வேறு என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கேட்டாலும் பதில் உடனே வராது, அதுதான் கஷ்டம். ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் வெளியிலிருந்து கொண்டுவந்த மரங்களையும் புதர்களையும் பற்றி இங்கோ கோவாரிக் என்ற ஆய்வாளர் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார். நட்டதற்கும் தானாகப் பரவ ஆரம்பித்ததற்கும் இடையே சராசரியாக 147 ஆண்டுகள் போயிருந்தன. மரங்களை மட்டும் பார்த்தால் 170. நட்டவர் போய், அவர் பேரன் போய், அதற்கும் பிறகு. ஐம்பது வருஷமாக இங்கே நிற்கிறது, ஒன்றும் செய்யவில்லையே என்று யாராவது ஒரு மரத்துக்காகப் பேசினால் எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வருகின்றன.

பிராட்ஃபோர்ட் பேரி மரத்துக்கு நடந்ததும் இதே மாதிரிதான். 1960களில் அமெரிக்காவில் தெரு நிழலுக்கென்று அதை அறிமுகப்படுத்தினார்கள், வசந்தத்தில் மரம் முழுக்க வெள்ளைப்பூ. எல்லா மரமும் ஒரே தாயிலிருந்து ஒட்டுக்கட்டியவை, தன் மகரந்தம் தனக்கே சேராது, அதனால் காயே பிடிக்காது, கவலை வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு அது உண்மைதான். ஆனால் கிளை சீக்கிரம் பிளக்கிறது என்று அதே இனத்தில் வேறு வேறு ரகங்களைக் கொண்டுவந்து பக்கத்துத் தெருக்களில் நட்டார்கள். ரகம் மாறினால் மகரந்தம் சேரும். காய்த்தது, பறவைகள் தின்றன, கைவிட்ட வயல்களிலும் காட்டோரங்களிலும் முள்ளோடு கூடிய காட்டுப் பேரிகள் புதர் புதராக எழுந்தன. ஒஹையோ மாநிலம் 2023இல் அதை விற்பதற்கே தடை போட்டது. தனியாக நின்ற வரைக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. துணை வந்து சேர்ந்ததும் எல்லாம் மாறிவிட்டது.

கெட்ட எண்ணத்தோடு யாரும் மரம் நடுவதில்லை. கென்யாவின் பரிங்கோ ஏரிப் பகுதியில் 1980களில் சீமைக்கருவேலத்தை நட்டது விறகுப் பஞ்சம் தீரட்டும் என்றுதான். விறகு கிடைத்தது, கரியும் கிடைத்தது. ஆனால் ஆடுமாடுகள் இனிப்பான காயைத் தின்று சாணத்தோடு விதையை எங்கும் போட்டன, மேய்ச்சல் நிலம் முள்ளால் மூடிப்போனது. சர்க்கரை நிறைந்த அந்தக் காயை ஓயாமல் தின்ற ஆடுகளுக்குப் பல் கொட்டியது என்று சொல்லி, அங்கே வாழ்கிற இல்சாமுஸ் மக்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், பல்லில்லாத ஒரு ஆட்டை நீதிமன்றத்துக்கே கூட்டிவந்து காட்டினார்கள். அந்த ஆட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு மரம் நல்லதா கெட்டதா என்று எங்கோ உட்கார்ந்து விவாதிப்பவர்களுக்கு முன்னால் அதை விடச் சுருக்கமாக யாரும் பேசியிருக்க முடியாது. அதே பகுதியில் அந்தக் கரியை விற்றுப் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு, அவர்களிடம் போய் இதைக் களை என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அகற்றுவது எப்படி என்று கேட்டால், வெட்டுவதுதான் வேலையிலேயே சுலபமான பகுதி. மெலலூகாவை வெட்டினாலும் எரித்தாலும் செத்துப்போவதற்குள் கிளையில் அடைத்து வைத்திருக்கிற நுண்ணிய விதைகளையெல்லாம் மொத்தமாக உதிர்த்துவிடும், ஒரு மரத்திலிருந்தே லட்சக்கணக்கில். அதனால்தான் ஃபுளோரிடாவில் 1997இல் அதன் சொந்த ஊர் மூக்குவண்டைத் தேடிக் கொண்டுவந்து விட்டார்கள், அது குருத்தைத் தின்று பூவையும் விதையையும் குறைக்கிறது. வேறு எதையாவது தின்றுவிடுமா என்று வருஷக்கணக்கில் சோதித்த பிறகுதான் விட்டார்கள், அந்தப் பொறுமை இல்லாமல் பூச்சியைக் கொண்டுவருவது நெருப்போடு விளையாடுவது. தென்னாப்பிரிக்காவில் ஆஸ்திரேலிய வாட்டில் மரங்களின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்து, தீ பட்டதும் ஒரே மூச்சில் முளைக்கும். அந்த மரங்கள் குட்டையான உள்ளூர்ப் புதர்களைவிட அதிகமாகத் தண்ணீரை உறிஞ்சி ஓடைகளை வற்ற வைக்கின்றன. அங்கே 1995இல் அரசாங்கமே தண்ணீருக்காக உழைப்போம் என்ற பொருளில் ஒரு திட்டம் ஆரம்பித்து, வேலையில்லாத ஏழை மக்களுக்குக் கூலி கொடுத்து இந்த மரங்களை வெட்டவைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த திட்டம் அது. ஓடைக்கும் நல்லது, அடுப்பும் எரியும். ஆனால் அதிலும் வெட்டின இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகாவிட்டால் முதல் வருஷக் கூலி வீண்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில் நான் தப்புப் பண்ணிக்கொண்டிருந்தேன். அடர்த்தியாக எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை போகும், பார்த்தாலே கோபம் வரும் இல்லையா. சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய காட்டில் பல ஆண்டுகள் கையால் களை எடுத்த பிராட்லி சகோதரிகள், ஜோன், எய்லீன் என்று இரண்டு பேர், நேர் எதிராகச் செய்தார்கள். நன்றாக இருக்கிற காட்டிலிருந்து ஆரம்பித்து மெதுவாகக் கெட்ட பக்கம் நோக்கி நகர்ந்தார்கள். மண்ணை முடிந்தவரை கிளறவில்லை, பிடுங்கின குழியை உடனே சருகால் மூடினார்கள், அந்த இடத்தை உள்ளூர்ச் செடி தானாக வந்து நிரப்புகிற வேகம் எவ்வளவோ அவ்வளவு வேகத்தில்தான் அடுத்த அடி வைத்தார்கள். மொத்தமாகச் சுரண்டி எடுத்த இடங்களில் களை முன்பைவிடத் தடித்துத் திரும்பி வந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். வெட்டவெளியாக விட்ட மண்ணில் முதலில் வருவது அதே களைதான்.

சரி, என் மரம். அதைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் சூபாபுலை இன்றைக்கும் தீவனத்துக்காக வளர்க்கிறார்கள். அதன் தழையில் மிமோசின் என்று ஒரு நஞ்சு உண்டு, அதனால் அங்கே மாடுகள் நலிந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஹவாய்த் தீவு ஆடுகளின் வயிற்றில் அந்த நஞ்சை முறிக்கிற நுண்ணுயிர் இருப்பதைக் கண்டுபிடித்து, 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொண்டுசேர்த்தார். அந்தப் பண்ணைக்காரர்கள் தங்களுக்கென்று விதிகளும் வைத்திருக்கிறார்கள்: ஓடைப் பக்கம் நடக்கூடாது, வேலியை ஒட்டி நடக்கூடாது, காய் முற்ற விடாமல் மேய்த்துவிட வேண்டும், தப்பி முளைத்ததைத் தேடிப்போய் அழிக்க வேண்டும். எனக்கு இது நியாயமாகப் பட்டது. மரத்தை வைத்துக்கொள்பவர் அதன் விதைக்கும் பொறுப்பேற்கிறார். ஆனால் என் மரம் வேலிமேலேயே நிற்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மழைநீர் வாய்க்கால். போன மாதம் வாய்க்கால் ஓரமாக நடந்து பார்த்தேன். இருநூறு அடி தள்ளி, முழங்கால் உயரத்துக்கு ஒன்று. அதைத் தாண்டி வளைவில் இன்னும் நான்கு. கடைசியில் ஒன்று பூத்தே விட்டது. அதை என்னைத் தவிர வேறு யாரும் நட்டதாக நான் நினைக்கவில்லை.

வெட்டப் போகிறேன் என்றதும் அம்மா, "நல்லா நிழல் கொடுக்குதே கண்ணு, காயை மட்டும் ஒடிச்சுப் போட்டாப் போதாதா?" என்று கேட்டார். வருஷம் முழுக்கப் பூத்துக் காய்க்கிற மரத்தில், எட்டாத உயரத்தில், எத்தனை காயை ஒடிப்பது என்று விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்படியென்றால் நிழலுக்கு வேறு ஒன்றை இப்போதே வை, அது தலைக்கு மேலே வந்தப்புறம் இதை வெட்டு என்றார். அதில் பாதியை ஏற்றுக்கொண்டேன். புங்கங்கன்று இரண்டு வைத்தாயிற்று. ஆனால் காத்திருக்கவில்லை, வாய்க்காலில் பூத்திருந்ததை முதலில் எடுத்தேன், அப்புறம் அந்த நான்கு, அப்புறம் முழங்கால் உயரத்தில் நின்றது, கடைசியாகத் தாய்மரம். அடியோடு அறுத்துவிட்டு விட்டால் ஒரு மாதத்தில் கொத்தாகத் துளிர்க்கும் என்பது தெரியும், வெட்டின உடனே களைக்கொல்லி தடவுகிறவர்களும் உண்டு, வாய்க்கால் பக்கத்தில் எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. கடப்பாரை போட்டு வேர்க்கழுத்து வரை தோண்டி எடுத்தோம், இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் வேலை. விறகை அடுக்கி வைத்தாயிற்று, முற்றாத காயோடு இருந்த தழை ஆடுகளுக்குப் போனது, முற்றின காய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி எரித்தேன்.

மண்ணுக்குள் கிடப்பதை எரிக்க முடியாது. அந்த விதை பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும், ஒவ்வொரு மழைக்கும் ஒரு பங்கு எழுந்து வரும். இன்று காலை மறுபடி குனிந்து முறம் அளவு இடத்தில் எண்ணினேன், 31. பிடுங்கின குழிகளைச் சருகால் மூடிக்கொண்டே வந்தேன். புங்கங்கன்றுக்குப் பக்கத்தில், நான் வைக்காத ஒரு செடி இரண்டு இலையோடு நிற்கிறது, இலை வட்டமாக, ஓரம் லேசாகச் சிவந்து. என்னவென்று தெரியவில்லை. பிடுங்காமல் விட்டு, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.